பெயர் கழுவிய இசைத்தட்டு

பட்டியலில் முப்பத்தொரு வரிகள் இருந்தன. முப்பதை நிட்டா மடமடவென்று நிரப்பிவிட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அடுப்பருகே மோஸெல் அத்தை மக்காச்சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் அத்தை மகன் ரஷான் காலை நீட்டிப்போட்டு, இரண்டு விரலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். பாடுகிறவன் அவன். பாட்டுக்கு அடியில் ஓடும் இசை நிட்டாவுடையது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, சாம்ப்ளர் மிஷினில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் அவனை ராப் பாணியில் பேசவைப்பாள். ஒன்றரை வருடம் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து இருவரும் செய்த பதின்மூன்று பாட்டும் ஏப்ரலில் ஆல்பமாக வெளிவர வேண்டும். அவர்களுடைய முதல் ஆல்பம்.

"முடிஞ்சுதா?" என்றான் ரஷான்.

"ஒண்ணு பாக்கி. தட்டு கீழ பெட்டியில இருக்கு. பாத்து எழுதிக்கிறேன்."

தட்டு கீழே பெட்டியில் இருந்தது உண்மைதான். பார்த்து எழுதத்தான் அதில் ஒன்றுமில்லை.

பட்டியலை அனுப்பியவர் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியின் வக்கீல் மிஸ் ப்ரூவர். எந்தத் துண்டு எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, யார் வாசித்தது, யார் வெளியிட்டது, எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். போன வருடம்வரை இதை யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்காமல் துண்டு வெட்டினார் என்று யாரோ ஒரு பாடகர் மேல் வழக்குப் போட்டு, நீதிபதி கன்னாபின்னாவென்று திட்டித் தீர்ப்புச் சொன்னதிலிருந்து கம்பெனிகளெல்லாம் பயந்துபோய்க் கிடந்தன. இன்று வியாழன்.

ரஷான் பஸ் பிடிக்கக் கிளம்பியதும் நிட்டா மிஸ் ப்ரூவருக்குப் போன் போட்டு முப்பது வரியையும் படித்துக் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பேர் தெரியலைன்னா என்ன செய்வீங்க மேடம்?"

"எந்தப் பாட்டு?"

"மூணாவது. 'கேட்'."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "வெர்னிட்டா, ஆல்பத்தோட பேரே அதுதானே?"

"ஆமா மேடம்."

"அட்டைப்படம்கூட அந்த ரயில்வே கேட்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப பேரைக் கண்டுபிடிங்க. இல்லைன்னா அந்தப் பாட்டை எடுத்துடுவோம். வேற துண்டு வச்சு மாத்திக்கலாம்னா அதுக்கு நேரமில்ல. சும்மா ஏதாவது பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. நாளைக்குக் கோர்ட்டுல நிக்கப்போறது நீங்கதான், நானில்ல."

நிட்டா போனை வைத்தாள். உடனே எடுத்தாள். யாருக்குப் பேசுவதென்று தெரியாமல் மறுபடி வைத்தாள்.

அந்தத் துண்டு மொத்தமே ஏழு வினாடி. ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள். பியானோ நாலு படி இறங்குகிறது. அவள் வாய் திறக்காமல் முனகுகிறாள். அவ்வளவுதான். அதைச் சுற்றவிட்ட அன்று ரஷான் நிலவறைப் படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பாட்டை எழுதினான்: அவர்கள் ஊரான ஒயன்டாஞ்சின் ரயில்வே கேட் இறங்கிவிடுகிறது, இந்தப் பக்கம் நிற்கிறவன் நின்றுகொண்டே இருக்கிறான், ரயில் மட்டும் நகரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் மூச்சிழுக்கும் இடத்தில் அவனும் மூச்சிழுப்பான். வேறு எந்த இசைமேல் வைத்தாலும் அந்த வரிகள் ஆட்டம் கண்டுவிடும். வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பெயரை அழித்தது நிட்டாவேதான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடக் கோடையில் எல்க்ஸ் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து; தட்டுப் போட்ட டிஜே நிட்டாதான். அந்தத் தட்டை அவள் முதன்முதலாகக் கூட்டத்தில் போட்ட நாள். மூச்சும் பியானோவும் வந்ததும் அலான்ஸோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். லாங் ஐலண்டில் அவளுக்குச் சரியான போட்டி என்று சொல்ல இருந்த ஒரே டிஜே அவன். வந்தவன் டர்ன்டேபிளுக்கு மேல் கழுத்தை நீட்டினான். சுற்றிக்கொண்டிருக்கிற தட்டின் நடுக் காகிதத்தைப் படிக்கப் பார்த்தான். நிட்டா தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள். பாட்டு நின்றதில் கூட்டம் ஊளையிட்டது. அதுபற்றி அவளுக்குக் கவலையில்லை. நல்ல துண்டு கிடைக்கிற தட்டின் பெயர் அடுத்த டிஜேவுக்குத் தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை அது அவன் கையில் இருக்கும். கண்டுபிடித்தவள் நேற்றைய ஆளாகிவிடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, நாற்பத்திரண்டு தட்டுகளின் லேபிளையும் ஊறவைத்து உரித்தாள். எல்லா டிஜேக்களும் செய்கிற வேலைதான். ஆனால் இவள் அத்தோடு விடவில்லை. தட்டில் பாட்டு முடிந்து ஊசி ஓடுகிற வெற்று வளையத்தில் பொடி எழுத்தாக ஓர் எண் கீறியிருக்கும். அதை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஊக்கு முனையால் சுரண்டித் தள்ளினாள். அட்டைகளைக் குப்பையில் போட்டாள். தட்டுக்கு ஒரு நிறத்தில் ஒட்டுநாடா. மற்ற தட்டுகள் வருடக்கணக்காகக் கையில் புழங்கியவை, பெயர் மனதில் இருந்தது. இந்தத் துண்டு இருந்த நீல நாடாத் தட்டு மட்டும் அந்த வாரம்தான் அமிட்டிவில் சர்ச் விற்பனையில் ஒரு பெட்டியோடு வந்தது. லேபிள் செங்கல் நிறம் என்பது மட்டும் நினைவிருந்தது.

சர்ச்சுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அந்தப் பெட்டி செத்துப்போன ஒருவர் வீட்டிலிருந்து வந்தது, பிள்ளைகள் கரோலைனா பக்கம் போய்விட்டார்கள், விலாசம் இல்லை என்றார்கள்.

பிறகு அத்தையிடம் ப்யூக் காரின் சாவியைக் கேட்டாள்.

"எங்க?" என்றாள் மோஸெல் அத்தை.

"ஹெம்ப்ஸ்டெட். சால் கடைக்கு."

"இருக்கிற தட்டு போதாதா? என் தொட்டியில தண்ணி இன்னிக்கும் ஒழுங்கா இறங்கமாட்டேங்குது. நீ உரிச்ச காகிதம் அடைச்சுக்கிட்டுக் கிடக்கு."

"கொஞ்சம் அவசரம் அத்தை."

"உனக்கு எதுதான் அவசரமில்ல? சோறு திங்கிறதைத் தவிர." சாவி பறந்து வந்தது.

சால் நாற்பது வருடமாகப் பழைய தட்டு விற்கிறவர். அவர் கடையில் குளிர்காலத்திலும் கதவு திறந்தே இருக்கும். நீல நாடாத் தட்டை வாங்கி டர்ன்டேபிளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் போட்டார். நிட்டா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

"தெரியல பொண்ணே. ஏதோ ஊர்பேர் தெரியாத சின்னக் கம்பெனி. இருநூறு, முந்நூறு தட்டு போட்டிருப்பான்." தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். "நம்பர் இருந்தா கேட்டலாக்ல பாத்துடலாம். அடேயப்பா, யாரு இதை இப்படிச் சுரண்டினது? கோழி கிளறின மாதிரி இருக்கு."

நிட்டா தன் ஷூவைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்க கூட்டமே இப்படித்தானா? போன வருஷம் ஒருத்தன் வந்து இதே பாட்டை எங்கிட்ட முனகிக் காட்டினான். இன்னொரு காப்பி இருக்கான்னான். பேர் சொல்லுடான்னா சொல்லமாட்டேங்கிறான். நம்பராவது கொண்டாடான்னேன். நம்பரைச் சொன்னா நான் ஊருக்கெல்லாம் வித்துடுவேனாம். போனவன் போனவன்தான்."

"ஆள் எப்படி இருந்தான்?"

"ஒட்டகம் மாதிரி உயரம். முன்பல்லுல ஒரு சந்து."

அலான்ஸோ. இன்னொரு காப்பி கேட்டான் என்றால் அவனிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இரண்டு டர்ன்டேபிளிலும் ஒரே தட்டை வைத்து மாற்றி மாற்றி ஓட்டத்தான் டிஜேக்கள் இரண்டாவதைத் தேடுவார்கள்.

அவன் வேலை பார்க்கும் அமிட்டிவில்லுக்குத் திரும்பும் சாலைவரை ஓட்டினாள். சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நிட்டா நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு டிஜே இன்னொரு டிஜேயிடம் போய் இந்தத் தட்டின் பெயர் என்ன என்று கேட்பதா? அதற்குத் தெருவில் நின்று சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரலாம்.

வெள்ளிக்கிழமை காலை ரஷான் நிலவறைக்கு இறங்கி வந்தபோது அவள் நீல நாடாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னுமா எழுதலை?"

"பேர் தெரியாதுடா."

"எதோட பேர்?"

"இதோட பேர். எனக்கே தெரியாது. கழுவிட்டேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் படியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"நேத்து பெட்டியில இருக்குன்ன?"

"சொன்னேன்."

"அம்மா மூஞ்சியைப் பாத்துச் சொன்ன. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்ன."

"ஆமாடா."

"நான் கெடங்குல வேலையை விட்டுட்டேன் நிட்டா. ஏப்ரல்ல ஆல்பம் வருதுன்னு பாக்கிறவன்கிட்டல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நேத்து பஸ்ல போனது எங்கன்னு நினைச்ச? முடி வெட்டிக்க. அட்டைப்படத்துல நான் இருக்கிற மாதிரியே வெட்டிக்க." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வேற யாருக்கும் தெரியாதா?"

"ஒருத்தனுக்குத் தெரியும்."

"யாரு?" கேட்டுவிட்டு அவனே சொன்னான். "ஐயோ. அந்தச் சந்துப் பல்லனா?"

"அவன்தான்."

"எழுந்திரு. கார்ல ஏறு."

"ரஷான், அவன் கிட்டப் போய் நான் எப்படிடா..."

"எழுந்திருடி!"

அவள் எழுந்தாள். கதவுவரை போய், என்னவோ நினைத்துத் திரும்பி வந்து, தன் தட்டுப் பெட்டி இரண்டையும் தூக்கி ப்யூக்கின் டிக்கியில் வைத்தாள். எதற்கு என்று ரஷான் கேட்டான். அவளுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

அலான்ஸோ காருக்கு ஸ்டீரியோ பொருத்தும் கடையில் வேலை பார்த்தான். அவன் வெளியே போயிருக்கிறான், இரண்டரைக்கு வருவான் என்றார்கள். வந்தது மூன்றேகாலுக்கு. அதுவரை ரஷான் காரிலேயே உட்கார்ந்து கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். நிட்டா உப்புத் தூவிய பனிச்சேற்றில் கடைக்கும் காருக்கும் நடந்து நடந்து ஒரு பாதையே போட்டுவிட்டாள்.

"வாங்க மகாராணி!" என்றான் அலான்ஸோ. "ஆல்பம் போடறவங்க, படம் பிடிக்கிறவங்கல்லாம் நம்ம கடைப் பக்கம்? காருக்கு ஸ்பீக்கரா? இந்தக் காருக்கா? மகாராணி, இதுக்கு ஸ்பீக்கர் போட்டா கதவு கழண்டு விழுந்துடும்."

"அலான்ஸோ, எனக்கு ஒண்ணு தெரியணும்."

"கேளுங்க."

பெயரைக் கேட்பதற்குப் பதில் அவள் மூச்சை இழுத்து, நாலு படி இறங்கி, முனகிக் காட்டினாள். எதிரில் நின்றவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"அது என்னோடது" என்றான்.

"என்னது?"

"எல்க்ஸ் மண்டபத்துல நீ போட்டப்ப எனக்கு உசுரே போச்சு. நான் அதை ஆறு மாசமா யாருக்கும் போடாம பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். உனக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேக்கத்தான் ஓடி வந்தேன். நீ கையை வச்சு மூடிட்ட."

"நீ லேபிளைப் படிக்க வந்தியோன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட இருக்கிற தட்டோட லேபிளை நான் எதுக்குடி படிக்கணும்?"

ரஷான் காரிலிருந்து இறங்கி வந்திருந்தான். "சரிப்பா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அதோட பேர் என்ன? அஞ்சு மணிக்குள்ள வேணும்."

அலான்ஸோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"தெரியாது."

"டேய், விளையாடாத."

"சத்தியமா. அட்டையில இருந்த ஆளோட தொப்பி நல்லாருக்கேன்னு வாங்கினது. பேர்ல யாருக்கு ஞாபகம்? அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனேன். இவ கையில ஒரு காப்பி இருக்கு, இவ எங்கிட்ட இருக்கிறதைப் பாத்துடக் கூடாதுன்னு அட்டையைக் குப்பையில போட்டுட்டு, தொட்டியில வெந்நியை விட்டு..." அவன் முடிக்கவில்லை.

நிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒரே இரவில் நாலு மைல் இடைவெளியில் இரண்டு தொட்டி. கடைக் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது.

"நம்பர்?" என்றாள் திடீரென்று. "ஊசி ஓடற வளையத்துல இருக்குமே, அதைச் சுரண்டினியா?"

"அதை எதுக்குச் சுரண்டறது? அவ்வளவு பைத்தியம் யாருக்கு..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஓ."

"தட்டு எங்க?"

"வேன்ல இருக்கு. எப்பவும் என்கூடத்தான் இருக்கும்." ஆனால் அவன் நகரவில்லை. "நம்பரை வச்சு என்ன செய்வ? சால் கிட்டச் சொல்லுவ. அவர் பேரைச் சொல்லுவார். நீ கம்பெனியில சொல்லுவ. ஏப்ரல்ல ஊருக்கெல்லாம் தெரியும். அது உன் பாட்டாயிடும். ரெண்டு வருஷமா அதை வச்சு நான் ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன் நிட்டா. அதை நான் அப்புறம் எங்க கொண்டு போய்ப் போடறது? நீ திருடினதை நானும் திருடினேன்பானுங்க."

"முடிச்சிட்டியா, அந்தப் பாட்டை?"

"முக்காவாசி."

ரஷான் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நிட்டா கையைக் காட்டி நிறுத்தினாள். அலான்ஸோ சொல்வது நியாயம். காரின் பின்பக்கம் போனாள். டிக்கியைத் திறந்தாள். பெட்டி இரண்டையும் இறக்கி, கடை வாசலில் காய்ந்த இடம் பார்த்து வைத்தாள். மூடியைக் கழற்றினாள்.

"பாத்துக்கோ" என்றாள். "எது வேணும்னாலும் கேளு. லேபிள் இல்லாததுக்கும் பேர் சொல்றேன். எழுதிக்கோ."

ரஷான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை மகனாக இருந்தும், பாட்டே அவனுடையதாக இருந்தும், அந்தப் பெட்டிக்குள் அவன் ஒருநாள்கூடக் கை விட்டதில்லை.

அலான்ஸோ குந்தி உட்கார்ந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு தட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிவப்பு நாடா, மஞ்சள், பச்சை. நிட்டா தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பது.

"இது," என்றான். பச்சை நாடா. "போன ஹாலோவீனுக்கு முதல் பாட்டா ஒரு டிரம் போட்டியே. தூரத்துலேர்ந்து யாரோ ஓடி வர்ற மாதிரி. இதுவா?"

"அதேதான்."

"பேர்?"

அவள் சொன்னாள். அவன் சட்டைப் பையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் எழுதினான். எழுதியதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு பெட்டியை மூடினான்.

"அவ்வளவுதானா?" என்றான் ரஷான்.

"மத்ததெல்லாம் எனக்குத் தெரியும். இவ நினைச்சுக்கிட்டிருக்கா, ஊர்ல யாருக்கும் காது இல்லைன்னு."

வேனிலிருந்து தட்டு வந்தது. கடையின் டார்ச்சை ரஷான் பிடித்தான். அலான்ஸோ தட்டைச் சாய்த்தான். வெற்று வளையத்தில் சிலந்தி நடந்ததுபோல எழுத்து தெரிந்தது. நிட்டா படிக்கப் படிக்க ரஷான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். இரண்டு எழுத்து, நாலு எண், ஒரு கோடு, ஓர் எண்.

கடைப் போனில் சால் கிடைத்தபோது மணி நாலு பத்து. அவர் நம்பரை வாங்கிக்கொண்டு கேட்டலாக்கைத் தேடப் போனார். போனில் கடை இரைச்சல் கேட்டது. யாரோ விலை கேட்டார்கள். சால் அவர்களோடு பேரம் பேசினார். நிட்டா போன் கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். நாலு இருபத்தெட்டுக்கு அவர் திரும்பி வந்தார்.

"எழுதிக்கோ பொண்ணே. யூஜின் டாப்ஸ் மூவர். வெளியிட்டதும் அவங்களேதான். ஊர் டேட்டன், ஒஹையோ. பாட்டோட பேர் 'மழை விட்ட ஞாயிறு'. வருஷம் அறுபத்தெட்டு."

"முனகறது யாரு? அந்தப் பொண்ணு?"

"போடலையே. மூணு பேர்தான் போட்டிருக்கு, மூணும் ஆம்பளைங்க."

நிட்டா அலான்ஸோவின் வேலைச் சீட்டு ஒன்றில் எழுதினாள். உடனே மிஸ் ப்ரூவருக்குப் போட்டாள். போன் பிஸி. மறுபடி பிஸி. நாலு நாற்பத்தாறுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"எழுத்தெழுத்தாச் சொல்லுங்க," என்றார் மிஸ் ப்ரூவர். நிட்டா சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். "சரி. முப்பத்தொண்ணும் வந்தாச்சு. பாட்டு பட்டியல்ல இருக்கு."

"அப்ப ஆல்பத்துல இருக்கும்ல மேடம்?"

"பட்டியல்ல இருக்குன்னேன். இனிமே அவங்களைக் கண்டுபிடிச்சுக் கேக்கணும். சரின்னாலும் சொல்லலாம், முடியாதுன்னாலும் சொல்லலாம். கேக்க முடியாத நிலைமையில நேத்து இருந்தோம். இன்னிக்குக் கேக்கலாம். ஒரு மாசம் ஆகும்."

அலான்ஸோ வேனில் சாய்ந்து நின்றிருந்தான். போகிறோம் என்று அவள் தலையை அசைத்தாள். அவன் தன் தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டே, "அவ முனகறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறாளே," என்றான், "அதை வெட்டலையே நீ?"

"வெட்டுவேனா?"

"நல்லது. நான் வெட்டிட்டேன். அதான் முடிய மாட்டேங்குதோ என்னவோ."

ஒயன்டாஞ்ச் வந்தபோது கேட் இறங்கிக்கொண்டிருந்தது. நிட்டா பிரேக் போட்டு, ரயில் வருகிறதா என்று கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்குகள் மாறி மாறி அடித்தன, மணி அடித்தது, ரயிலைக் காணோம். ரஷான் உள்ளங்கையில் எழுதிய நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மாசம்," என்றான். "ஒரு மாசம் நான் என்ன செய்வேன்னு சொல்லு."

"தெரியல."

"இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாத."

"சொல்லமாட்டேன்டா."

ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, வெளிச்சம் வெளிச்சமாக ஓடியது. அவள் கால் ஆக்ஸிலரேட்டரின்மேல் தட்டிக்கொண்டே இருந்தது, பழைய இஞ்சின் அதற்கேற்ப உறுமி உறுமி அடங்கியது.

"அந்தச் சீட்டை எடு. நான் ஒருதரம் படிக்கணும்," என்றான் ரஷான். "எங்க வச்சிருக்க?"

அவள் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொலைச்சிட்டியா? ஐயோ நிட்டா!"

"தொலைக்கலை. ஷூவுக்குள்ள இருக்கு."

"ஷூவுக்குள்ளயா? எதுக்கு?"

"அலான்ஸோ பாத்துடப் போறான்னு."

ரஷான் அவளைப் பார்த்தான். "அடியே, அவன் சீட்டுலதான எழுதின! அவன் பக்கத்துலதான நின்னான்!"

"தெரியும்டா. கை தானாப் போயிடுச்சு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். காலையிலிருந்து முதல் தடவை. நிட்டா குனிந்து ஷூவைக் கழற்றி, ஈரத்தில் நனைந்திருந்த சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை டேஷ்போர்டின் மேல் விரித்து, சத்தமாக, கேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி படித்தான். நிட்டா அனிச்சையாகக் கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.